ஜாவா பாய்லர்பிளேட்: எதை இயந்திரத்திடம் விடலாம், எதைக் கையால் எழுதணும்?

மின்மினி77 (கேள்வி)

எங்கள் ப்ராஜெக்ட்: ஸ்பிரிங் பூட் 3 (சர்வர் பக்க நிரல் எழுதும் சட்டகம்), ஜாவா 21, ஹைபர்நேட் 6 (ஜாவா பொருள்களை டேட்டாபேஸில் சேமிக்கும் நூலகம்), மேவன் (பில்டு கருவி). மொத்தம் 42 என்டிட்டி (ஒவ்வொன்றும் ஒரு டேபிளுக்கான கிளாஸ்). ஒவ்வொன்றுக்கும் உள்ளே வரும் டிடிஓ (தரவை மட்டும் சுமக்கும் கிளாஸ்) ஒன்று, வெளியே போகும் டிடிஓ ஒன்று, டிடிஓவுக்கும் என்டிட்டிக்கும் இடையே நகலெடுக்கும் மேப்பர், டேபிளைத் தொடும் ரெபாசிட்டரி, வணிக விதிக்கான சர்வீஸ், கோரிக்கையை வாங்கும் கன்ட்ரோலர். புதிதாக ஒரு டேபிள் சேர்த்தால் ஏழு ஃபைல், ஏறக்குறைய 500 வரி. அதில் யோசித்து எழுதியது 40 வரி தேறாது. மீதியெல்லாம் பாய்லர்பிளேட், திரும்பத் திரும்ப வரும் ஒரே மாதிரி வரிகள். கெட்டர் செட்டரை (ஃபீல்டைப் படிக்கவும் மாற்றவும் எழுதும் மெத்தடுகளை) தள்ளிக்கொண்டே போகும் ரிவ்யூவில் அந்த 40 வரியும் கண்ணில் படாமல் போகிறது. பெரிய கவலை அதுதான்.

மூன்று யோசனைகள் மேசையில் இருக்கின்றன. எல்லா கிளாஸுக்கும் லாம்பாக் (கெட்டர் போன்றவற்றைக் கம்பைல் நேரத்தில் தானாக உண்டாக்கும் நூலகம்) தரும் @டேட்டா போடுவது. பேஸ்சர்வீஸ், பேஸ்கன்ட்ரோலர் என்று ஜெனரிக் கிளாஸ் எழுதி எல்லாவற்றையும் அதிலிருந்து கிளைக்க விடுவது. அல்லது ஏஐ உதவியாளரை எழுத விட்டுவிட்டு வரி எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது. எது சரி, ஒவ்வொன்றிலும் அடி எங்கே விழும்?

தறி

முதலில் அந்த 500 வரியையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீங்க. டிடிஓ, என்டிட்டி, மேப்பர் மூன்றுக்கும் மருந்து வேற வேற.

டிடிஓவுக்கு லாம்பாக்கே வேண்டாம், ரெக்கார்டு (ஃபீல்டுகளை மட்டும் எழுதினால் மீதியை ஜாவாவே தரும் கிளாஸ்) போதும். ஐந்து ஃபீல்டு உள்ள சாதாரண கிளாஸை எண்ணிப் பாருங்க. கெட்டர், செட்டர் பத்து மெத்தட், இடைவெளி வரியோட 40 வரி. கன்ஸ்ட்ரக்டர், ஈக்வல்ஸ், ஹேஷ்கோட், டுஸ்ட்ரிங் சேர்ந்து இன்னொரு 30. ரெக்கார்டில் இது ஒரே வரி. ஜாவா 14-ல் முன்னோட்டமா வந்து, 2021 மார்ச்சில் ஜாவா 16-ல் நிலையாயிடுச்சு. ஜேசான் நூலகமான ஜாக்சன் 2.12-லிருந்து ரெக்கார்டை நேரடியாவே படிக்கும், எழுதும்.

ரெக்கார்டில் சறுக்கும் இடங்கள் சில உண்டு:

- உள்ளே லிஸ்ட் இருந்தால் அந்த லிஸ்டை வெளியிலிருந்து மாற்றலாம். ரெக்கார்டு பூட்டி வைப்பது ஃபீல்டை மட்டும்தான், ஃபீல்டு காட்டுற பொருளை இல்லை. சுருக்கக் கன்ஸ்ட்ரக்டரில் லிஸ்ட்.காப்பிஆஃப் போட்டுடுங்க. அதில் நல் (null, மதிப்பே இல்லாத) உறுப்பு இருந்தால் அங்கேயே எக்ஸெப்ஷன் வரும், அது நல்லதுக்குத்தான்.
- அர்ரே ஃபீல்டு வைக்காதீங்க. ஈக்வல்ஸ் அர்ரேயின் உள்ளடக்கத்தை ஒப்பிடாது, முகவரியை ஒப்பிடும். ஒரே பைட்டுகள் உள்ள இரண்டு ரெக்கார்டு வேற வேறன்னு சொல்லும்.
- மெத்தட் பெயரில் கெட் முன்னொட்டு கிடையாது. அதை எதிர்பார்க்கிற பழைய நூலகங்களுக்கு ஃபீல்டு இருப்பதே தெரியாது.

என்டிட்டியை மட்டும் ரெக்கார்டாக்க முடியாது. ஜேபிஏ (ஹைபர்நேட் பின்பற்றும் தரநிலை) என்டிட்டிக்கு அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் வேணும், கிளாஸ் ஃபைனலா இருக்கக் கூடாது. ரெக்கார்டு இரண்டுக்கும் நேர் எதிர். ஆனால் என்டிட்டிக்குள் பதியும் முகவரி, தொகை மாதிரி எம்பெடபிள் கிளாஸுக்கு ஹைபர்நேட் 6.2-லிருந்து ரெக்கார்டு செல்லும்.

கரிசல்

என்டிட்டியில் @டேட்டா போடவே கூடாது. ரசனை வேறுபாடாக இதைச் சொல்லவில்லை, ஓடும்போது உடையும். @டேட்டா என்பது கெட்டர், செட்டர், டுஸ்ட்ரிங், ஈக்வல்ஸ்-ஹேஷ்கோட், தேவையான ஃபீல்டுகளுக்கான கன்ஸ்ட்ரக்டர் ஆகிய ஐந்தின் கூட்டு. இதில் மூன்றாவதும் நான்காவதும்தான் என்டிட்டிக்கு விஷம்.

ஆர்டருக்குள் ஆர்டர்லைன்கள், ஒவ்வொரு ஆர்டர்லைனுக்குள்ளும் தன் ஆர்டர் என்று இருபக்க உறவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லாகில் ஆர்டரை அச்சிட்டால் டுஸ்ட்ரிங் லைன்களைக் கூப்பிடும், லைன் மறுபடி ஆர்டரைக் கூப்பிடும், முடிவில்லாமல் சுற்றி ஸ்டாக்ஓவர்ஃப்ளோ. ஒருபக்க உறவானாலும் தப்பவில்லை. லேசியாக (தொடும்போதுதான் டேட்டாபேஸிலிருந்து ஏறும்படி) விட்டிருக்கும் தொகுப்பை டுஸ்ட்ரிங் தொட்டவுடன், ஹைபர்நேட் செஷன் திறந்திருந்தால் கேட்காத குவெரி போகும், மூடியிருந்தால் லேசிஇனிஷியலைசேஷன்எக்ஸெப்ஷன். டீபக் லாகை இயக்கினால் மட்டும் உடையும் நிரல் என்பது இப்படித்தான் உருவாகிறது.

ஹேஷ்கோட் (பொருளை ஹேஷ்செட்டின் எந்த வாளியில் வைப்பது என்று சொல்லும் எண்) இதைவிட மோசம், ஏனென்றால் சத்தமே வராது. புதிய லைனை ஹேஷ்செட்டில் போடும்போது ஐடி நல். சேமித்த பிறகு ஐடி 118 ஆகிறது, ஹேஷ்கோடும் மாறுகிறது. செட் அதைப் பழைய வாளியில் வைத்துவிட்டுப் புதிய வாளியில் தேடும். கன்டெய்ன்ஸ் பொய் என்கிறது, ரிமூவ் எதையும் நீக்காது. பொருள் கண்ணெதிரே செட்டுக்குள்தான் இருக்கும்.

என்டிட்டிக்கு ஈக்வல்ஸ் (முதல் மூன்று படிகள்), ஹேஷ்கோட் (நான்காவது) இரண்டையும் கையால் இப்படி எழுதுங்கள்:

1. ஒரே பொருள்தானா என்று முதலில் பாருங்கள். ஆமெனில் உண்மை.
2. வகையை இன்ஸ்டன்ஸ்ஆஃப் மூலம் சோதியுங்கள். கெட்கிளாஸ் வைத்து ஒப்பிட்டால் ஹைபர்நேட் தரும் ப்ராக்ஸி (உண்மைப் பொருளுக்குப் பதிலாக நிற்கும் பொருள்) ஒரு துணைக் கிளாஸ் என்பதால் டேபிளின் ஒரே வரிசையும் வேறு என்று வந்துவிடும்.
3. ஐடி நல் இல்லை, இரண்டு ஐடியும் சமம் என்றால் மட்டும் உண்மை. எதிர்ப்பக்க ஐடியைக் கெட்டர் வழியாகவே எடுங்கள். ஃபீல்டை நேராகத் தொட்டால் ப்ராக்ஸியின் சொந்த ஃபீல்டு வரும், அது நல்.
4. ஹேஷ்கோட் மாறாத ஒரே எண்ணைத் தரட்டும், அந்த கிளாஸின் ஹேஷ்கோடே போதும். எல்லாப் பொருளும் ஒரே வாளியில் விழும்தான். ஓர் ஆர்டருக்கு முப்பது லைன் என்றால் அது ஒரு பொருட்டில்லை. ஆயிரக்கணக்கில் செட்டில் போட வேண்டி வந்தால் அந்த உறவையே தொகுப்பாக வைக்கலாமா என்று யோசிக்க வேண்டும்.

ஐஎஸ்பிஎன் போல மாறாத இயற்கைச் சாவி இருந்தால் 3, 4 இரண்டிலும் அதையே பயன்படுத்தலாம். அதுதான் இருப்பதிலேயே நல்லது.

மின்மினி77

நன்றி கரிசல் அண்ணா. அப்படியானால் லாம்பாக்கையே தூக்கிவிடச் சொல்கிறீர்களா? சர்வீஸ் கிளாஸ்களில் கன்ஸ்ட்ரக்டர் எழுதாமல் தப்பிக்க அது உதவுகிறதே.

தறி

தூக்க வேண்டாம், வேலி போடுங்க. ப்ராஜெக்ட் வேரில் லாம்பாக்.கான்ஃபிக் ஃபைல் வைத்து, அதில் @டேட்டாவுக்கான ஃபிளாக்யூசேஜ் அமைப்பை எரர்னு வைத்தால் யார் போட்டாலும் பில்டு நின்னுடும். ரிவ்யூவில் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை. என்டிட்டியில் @கெட்டர், தேவைப்படும் ஃபீல்டுக்கு மட்டும் @செட்டர், கூடவே ப்ரொடெக்டட் அளவில் @நோஆர்க்ஸ்கன்ஸ்ட்ரக்டர். இவ்வளவுதான்.

அதே ஃபைலில் இன்னொரு வரி: லாம்பாக் உண்டாக்குற மெத்தடில் ஜெனரேட்டட் அனோட்டேஷன் சேர்க்கச் சொல்லுங்க. டெஸ்ட் கவரேஜை அளக்குற ஜாகோகோ 0.8.0-லிருந்து அதைப் பார்த்து அந்த மெத்தடுகளைக் கவரேஜ் கணக்கில் சேர்க்காது. இல்லேன்னா கெட்டருக்கெல்லாம் டெஸ்ட் எழுதச் சொல்லி எண்ணிக்கை துரத்தும்.

சர்வீஸில் @ரெக்வயர்ட்ஆர்க்ஸ்கன்ஸ்ட்ரக்டர் நல்லதுதான், ஆனால் @குவாலிஃபையர் (எந்த பீன் வேணும்னு பெயர் சொல்றது; பீன்னா ஸ்பிரிங் உருவாக்கி உள்ளே தருற பொருள்) கூட வந்தால் கவனம். ஃபீல்டு மேல எழுதுற குவாலிஃபையரை லாம்பாக் தானா கன்ஸ்ட்ரக்டர் அளவுருவுக்கு எடுத்துட்டுப் போகாது. ஒரே வகையில் இரண்டு பீன் இருந்து, அதில் ஒன்றுக்கு @ப்ரைமரி போட்டிருந்தால் எரரே வராது, தப்பான பீன் அமைதியா உள்ளே உட்கார்ந்துடும். படிக்க மட்டுமான டேட்டாசோர்ஸ் கேட்ட இடத்தில் எழுதுற டேட்டாசோர்ஸ் வந்து நின்னால் யாருக்குத் தெரியும்? லாம்பாக்.கான்ஃபிகில் காப்பியபிள்அனோட்டேஷன்ஸ் பட்டியலில் குவாலிஃபையரின் முழுப் பெயரைச் சேர்த்தால் சரியாகும்.

@பில்டர் பற்றியும் ஒண்ணு. ஃபீல்டில் "புதிய அர்ரேலிஸ்ட்"னு தொடக்க மதிப்பு எழுதியிருப்பீங்க, பில்டர் அதை மதிக்காது, நல் தான் வரும். அந்த ஃபீல்டு மேல @பில்டர்.டிஃபால்ட் வேணும். கம்பைலர் எச்சரிக்கும், ஆனால் 300 எச்சரிக்கை ஓடுற பில்டில் அதை யார் பார்ப்பாங்க.

ஜாவா 23-க்குப் போகும்போது ஒரு விஷயம்: அந்தப் பதிப்பிலிருந்து கம்பைலர் கிளாஸ்பாத்தில் கிடக்குற அனோட்டேஷன் ப்ராசஸரை (லாம்பாக் மாதிரி, கம்பைல் நேரத்தில் கோட் உண்டாக்குறதை) தானா ஓட்டாது. மேவனில் அனோட்டேஷன்ப்ராசஸர்பாத்ஸ் பகுதியில் லாம்பாக்கைப் பெயர் சொல்லி எழுதாதவங்களுக்கு, காலையில் பில்டு போட்டால் "கெட்நேம் கிடைக்கவில்லை"ன்னு நூற்றுக்கணக்கில் எரர் வரும். இப்பவே எழுதி வைங்க.

அரைக்கால்

மேப்பர் பக்கம் யாரும் வரவில்லையே. 500 வரியில் ஆபத்தான பாய்லர்பிளேட் அதுதான், ஏனென்றால் பார்வைக்கு வெறும் நகலெடுப்பு மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே ஒரு முடிவு இருக்கிறது: வெளி உலகம் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம்.

வெளியே போகும் பக்கத்துக்கு, மேப்பரைத் தானே எழுதித் தரும் மேப்ஸ்ட்ரக்ட் தாராளமாக வைக்கலாம். கம்பைல் நேரத்தில் சாதாரண ஜாவா எழுதித் தருகிறது, ரிஃப்ளெக்‌ஷன் இல்லை. டார்கெட் ஃபோல்டருக்குள் ஜெனரேட்டட்-சோர்சஸ், அதற்குள் அனோட்டேஷன்ஸ் என்று போனால் எழுதியதைத் திறந்து படிக்கலாம். டீபகரில் உள்ளே இறங்கலாம். ஓடும்போது பெயர் பார்த்து நகலெடுக்கும் நூலகங்களில் இது கிடையாது. அங்கே ஃபீல்டு பெயரை மாற்றினால் கம்பைல் ஆகும், மதிப்பு மட்டும் நல் (null) ஆகிப் போய்ச் சேரும்.

லாம்பாக்குடன் சேர்த்து வைக்கும்போது ப்ராசஸர் பாதையில் மூன்று பெயர் வேண்டும்: லாம்பாக், மேப்ஸ்ட்ரக்ட்-ப்ராசஸர், லாம்பாக்-மேப்ஸ்ட்ரக்ட்-பைண்டிங் 0.2.0. லாம்பாக் 1.18.16-லிருந்து மூன்றாவது கட்டாயம். அதை விட்டால் லாம்பாக் கெட்டரை எழுதி முடிக்கும் முன்பே மேப்ஸ்ட்ரக்ட் பார்த்துவிட்டு, அப்படி ஒரு ப்ராப்பர்ட்டியே இல்லை என்று சொல்லும். சில நேரம் காலியான மேப்பரை எழுதிவிடும்.

அடுத்தது அன்மேப்ட்டார்கெட்பாலிசி, அதாவது மதிப்பு வந்து சேராத ஃபீல்டு இருந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு. இயல்பு நிலையில் எச்சரிக்கை மட்டும்தான். அதைக் கம்பைலர் அளவுரு மூலம் ப்ராஜெக்ட் முழுக்க எரர் ஆக்குங்கள். டிடிஓவில் புது ஃபீல்டு சேர்த்துவிட்டு என்டிட்டியில் மறந்தால் பில்டு நிற்கும். வேண்டுமென்றே விடுவதாக இருந்தால் இக்னோர் என்று எழுத வேண்டியிருக்கும், அது ரிவ்யூவில் கண்ணில் படும்.

உள்ளே வரும் பக்கம் முற்றிலும் வேறு கதை. ஒரே பெயர் என்றால் தானாக நகலெடு என்பதை அங்கே அனுமதிக்கவே கூடாது. பயனர் அனுப்பும் ஜேசானில் "ரோல்" என்று ஒன்றைச் சேர்த்து அனுப்ப, டிடிஓவிலும் என்டிட்டியிலும் அந்தப் பெயர் இருக்க, நிர்வாகி உரிமை கைக்கு வந்துவிடும். 2012 மார்ச்சில் கிட்ஹப்பில் நடந்தது இந்த வகைதான். ரெயில்ஸ் என்ற ரூபி மொழிச் சட்டகத்தின் மாஸ் அசைன்மென்ட் (வந்த ஃபீல்டுகளை எல்லாம் அப்படியே பொருளில் போடுவது) வழியாக ஒருவர் தனக்கு உரிமை இல்லாத ரெயில்ஸ் களஞ்சியத்திலேயே கமிட் போட்டுக் காட்டினார். அதன் பிறகு ரெயில்ஸ் 4, எந்த ஃபீல்டை ஏற்கலாம் என்று கன்ட்ரோலரில் எழுதச் சொல்லும் முறையை இயல்பாக்கியது. மேப்ஸ்ட்ரக்டில் அதற்கு இணையானது @பீன்மேப்பிங்கில் இக்னோர்பைடிஃபால்ட்டை உண்மையாக வைப்பது. பிறகு ஏற்கும் ஃபீல்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக எழுதுவது. வரி கூடும். கூடட்டும், அந்த வரிகள்தான் ரிவ்யூவில் படிக்கப்பட வேண்டியவை.

பட்டியல் காட்டும் திரைகளுக்கு மேப்பரே தேவையில்லை. ஜேபிஏவின் குவெரி மொழியான ஜேபிக்யூஎல்லில் நேராக ரெக்கார்டைக் கட்டித் தரச் சொல்லலாம். தேவையான நான்கு நெடுவரிசை மட்டும் வரும், என்டிட்டியும் உருவாகாது, லேசி சிக்கலும் இல்லை.

ஓலைச்சுவடி

பேஸ்சர்வீஸ், பேஸ்கன்ட்ரோலர் பற்றி. முதல் வாரம் அழகாக இருக்கும். நான்கு மெத்தட், எல்லா என்டிட்டிக்கும் வேலை செய்யும். பிறகு இன்வாய்ஸை அழிக்கக் கூடாது என்று வரும், "அழிக்கலாமா" என்று ஒரு கொடி சேர்ப்பார்கள். வாடிக்கையாளரைச் சேமித்ததும் மின்னஞ்சல் போக வேண்டும், ஆஃப்டர்சேவ் என்று ஒரு கொக்கி. ஸ்டாக்கைச் சேமிக்கும் முன் பூட்டு போட வேண்டும், பிஃபோர்சேவ். ஆறாவது கொக்கியில் எது எந்த வரிசையில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள மூன்று ஃபைலைத் திறக்க வேண்டியிருக்கும். பேஸில் ஒரு வரி மாற்றினால் 42 என்டிட்டிக்கும் டெஸ்ட்.

ஒரே மாதிரி தெரிவதும் ஒரே காரணத்துக்காக மாறுவதும் வெவ்வேறு. இன்வாய்ஸ் சேமிப்பும் வாடிக்கையாளர் சேமிப்பும் இன்று ஒரே மூன்று வரி என்பது தற்செயல். இரண்டும் மாறப்போகும் காரணங்களுக்கு ஒன்றோடொன்று ஒட்டே கிடையாது. அவற்றைத் தனியாகவே விடுங்கள்.

ஆனால் எல்லா கன்ட்ரோலரிலும் திரும்பத் திரும்ப வரும் ட்ரை-கேட்ச் உண்மையிலேயே ஒரே காரணத்துக்காக மாறுவது. அதை @ரெஸ்ட்கன்ட்ரோலர்அட்வைஸ் (எல்லா கன்ட்ரோலரின் எரரையும் ஒரே இடத்தில் பிடிக்கும் கிளாஸ்) ஒன்றில் கொண்டுபோய், ஸ்பிரிங் 6 தரும் ப்ராப்ளம்டீடெய்ல் வடிவில் பதில் அனுப்புங்கள். உங்களுடைய 500 வரியில் 60 வரியாவது இதில் போய்விடும். டிரான்ஸாக்‌ஷன் திறப்பதும் மூடுவதும் இதே வகை, @டிரான்ஸாக்‌ஷனல் பார்த்துக்கொள்ளும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றைக் கூப்பிட்டால் ப்ராக்ஸி வழியாகப் போகாது, அந்த அனோட்டேஷன் இருந்தும் இல்லாததற்குச் சமம். வேறு பீனுக்கு மாற்ற வேண்டும்.

ரெபாசிட்டரியில் ஜேபிஏரெபாசிட்டரியிலிருந்து கிளைப்பதால் டெலீட்ஆல் வரை எல்லாமே வந்துவிடுகிறது. அழிக்கக் கூடாத டேபிளுக்கு ஸ்பிரிங் டேட்டாவின் வெறும் ரெபாசிட்டரி இன்டர்ஃபேஸிலிருந்து கிளைத்து, தேவையான மூன்று மெத்தடை மட்டும் அறிவியுங்கள். எழுதும் வேலை அதே அளவு, கையில் கிடைக்கும் கத்திகள் குறைவு.

நூல்கண்டு

ஓலைச்சுவடி சொன்னதில் ஒரு விலக்கு சேர்க்கிறேன். மாவட்டம், நாணயம், அளவு அலகு மாதிரி வெறும் குறியீடும் பெயரும் கொண்ட லுக்அப் டேபிள்கள் 42-ல் பத்துப் பன்னிரண்டாவது இருக்கும். அவற்றில் வணிக விதி எதுவும் கிடையாது, இனி வரவும் வராது. அவற்றுக்கு ஒரே ஜெனரிக் கன்ட்ரோலர் வைப்பதில் தவறே இல்லை. ஒரு கட்டுப்பாடு போதும்: அதில் கொக்கி எதுவும் சேர்க்கக் கூடாது. ஒரு டேபிளுக்குக் கொக்கி தேவைப்பட்ட அன்றே அதை அந்தக் கூட்டத்திலிருந்து வெளியே எடுத்துத் தனி கன்ட்ரோலர் எழுதிவிட வேண்டும்.

ஓலைச்சுவடி

ஏற்கிறேன். அந்தக் கட்டுப்பாட்டை கிளாஸின் தலையிலேயே கமென்ட்டாக எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் யாராவது நல்லெண்ணத்தில் கொக்கி மாட்டிவிடுவார்கள்.

கரிசல்

மூன்றாவது யோசனைக்கு வருகிறேன். ஏஐ உதவியாளர் எழுதும் நேரத்தைக் குறைக்கும், படிக்கும் நேரத்தைக் குறைக்காது. மின்மினி சொன்ன சிக்கலே படிப்பதில்தான் இருக்கிறது. அனோட்டேஷன் ப்ராசஸர் ஒவ்வொரு பில்டிலும் மூலத்திலிருந்து புதிதாக எழுதுகிறது, அதனால் மூலத்தைப் படித்தால் போதும். உதவியாளர் எழுதிய கெட்டர் உங்கள் களஞ்சியத்தில் வந்து உட்காரும், அதன் பிறகு அது உங்கள் வரி. அடுத்த மாதம் ஃபீல்டு மாறினால் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கண்ணில் சிக்காத பிழை ஒன்றைக் காட்டுகிறேன். பணப் பரிமாற்றக் கோரிக்கைக்கு ஒரு கிளாஸ்: அனுப்பும் கணக்கு, பெறும் கணக்கு, தொகை. முதல் இரண்டும் ஸ்ட்ரிங். அதன் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடும் இடத்தில் பெறும் கணக்கு முதலில் வந்துவிட்டால் கம்பைலர் வாய் திறக்காது. லாம்பாக்கின் @ஆல்ஆர்க்ஸ்கன்ஸ்ட்ரக்டரில் இன்னும் மோசம்: அகர வரிசைப்படுத்துகிறேன் என்று ஒருவர் ஃபீல்டுகளை இடம் மாற்றினாலே கன்ஸ்ட்ரக்டரின் வரிசையும் மாறிவிடும், கூப்பிடும் இடங்கள் எல்லாம் அப்படியே கம்பைல் ஆகும். ரெக்கார்டிலும் இதே கதைதான். யார் எழுதினாலும், இயந்திரம் எழுதினாலும், மருந்து ஒன்றே: கணக்கு எண்ணுக்கு ஒரு ஃபீல்டு கொண்ட தனி ரெக்கார்டு. அனுப்புநர் கணக்கு ஒரு வகை, பெறுநர் கணக்கு இன்னொரு வகை என்று வைத்தால் இடம் மாறியதும் கம்பைல் நிற்கும். வரி இரண்டு கூடுகிறது. இதைப் பாய்லர்பிளேட் என்று யாரும் வெட்டிவிடாதீர்கள்.

உதவியாளரை எங்கே பயன்படுத்தலாம் என்றால், இருக்கும் 42 என்டிட்டியை மாற்றும் வேலைக்கு. ஒரு முறை செய்யும் வேலை, டெஸ்ட் காவல் இருக்கும்.

மின்மினி77

தெளிவாகிவிட்டது. எந்த வரிசையில் மாற்றுவது? எல்லாவற்றையும் ஒரே புல் ரிக்வெஸ்டில் (ரிவ்யூவுக்கு அனுப்பும் மாற்றத் தொகுப்பில்) போட்டால் மறுபடி அதே ரிவ்யூ சிக்கல்தான் வரும்.

தறி

இந்த வரிசையில் போங்க.

முதல் புல் ரிக்வெஸ்டில், பில்டு உடையுற இடங்களைத் தவிர கோட் எதையும் தொடாதீங்க. லாம்பாக்.கான்ஃபிக், ப்ராசஸர் பாதை, மேப்ஸ்ட்ரக்ட் பாலிசி எரர் ஆக்குறது மட்டும். பாலிசியை மாற்றியதும் பில்டு உடையும், உடையுற ஒவ்வொரு இடத்துக்கும் மேப் செய்யணுமா, இக்னோரான்னு முடிவெடுங்க. இதுவரை யாரும் கவனிக்காம விட்ட ஃபீல்டுகள் இங்கேயே வெளியே வரும்.

இரண்டாவது, என்டிட்டிக்கு ஒரு டெஸ்ட்: புதுப் பொருளை செட்டில் போடு, சேமி, ஃப்ளஷ் பண்ணு (டேட்டாபேஸுக்கு அனுப்பு), செட் அதை இன்னும் வச்சிருக்கான்னு கேளு. இதில் விழுற என்டிட்டிகளின் ஈக்வல்ஸ், ஹேஷ்கோடை கரிசல் சொன்ன மாதிரி மாற்றுங்க.

அப்புறம் டிடிஓக்களை ரெக்கார்டாக்குறது. இது முழுக்க இயந்திர வேலை, பத்துப் பத்தா பிரிச்சுப் போடலாம். இதில் வேற எந்த மாற்றமும் கலக்கக் கூடாது, ஃபார்மேட்டிங் கூட. அந்த கமிட்டுகளின் ஹேஷை ஒரு ஃபைலில் எழுதி, கிட்டின் பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் அமைப்பில் அதைக் காட்டிடுங்க. கிட் 2.23-லிருந்து இருக்கு. பிறகு ஒரு வரியை யார், ஏன் எழுதினாங்கன்னு தேடும்போது இந்த மாற்றம் குறுக்கே வராது.

அட்வைஸ் கிளாஸ் கடைசியில். அதில் எரர் பதிலின் வடிவமே மாறும், ஃப்ரன்ட்எண்ட் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லணும்.